செலவு யார் கணக்கில்?

திருப்பூர் பனியனுக்குச் சாயம் போட்ட செலவை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆற்றோர விவசாயி சுமந்தார். நீதிமன்றம் தலையிட்டு அதைப் பட்டறைக்காரர் கணக்கில் ஏற்றியது. அந்தப் பனியனை வாங்கி உலகமெங்கும் விற்கும் பெருநிறுவனத்தின் கணக்கில் அது எப்போது ஏறும்?

அணை கேட்டு மனுக் கொடுக்கும் விவசாயிகளை எந்த மாவட்டத்திலும் பார்க்கலாம். கட்டி முடித்த அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று போராடியவர்களைப் பார்க்க வேண்டுமானால் சென்னிமலைப் பக்கம்தான் போக வேண்டும்.

நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் அணை கட்டி முடித்தார்கள். ஈரோடு, கரூர் வட்டாரங்களில் சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் என்பது திட்டம். ஆனால், சில ஆண்டுகளுக்குள்ளேயே அணையில் தேங்கி நின்றது திருப்பூரின் சாயக் கழிவு. அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டால் கீழே உள்ள வயல் கெடும், ஆற்றில் விட்டால் காவிரிக்குப் போகும், தேக்கி வைத்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குள் இறங்கும். ஆயக்கட்டு என்று காகிதத்தில் குறிக்கப்பட்ட நிலத்துக்காரர்களே அணையை எதிர்த்து நின்றார்கள். தென்னையும் மஞ்சளும் விளைந்த தோட்டங்களில் கிணற்று நீரை வாயில் வைக்க முடியாமல் போனது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு, நீடித்த வளர்ச்சி என்றெல்லாம் இன்று ஆண்டறிக்கைகளில் வழவழப்பான தாளில் அச்சாகிறது. பச்சை இலை, சிரிக்கும் குழந்தை, சூரியத் தகடு. அந்தப் படங்களைப் புரட்டுவதைவிட இந்த அணையிலிருந்து தொடங்கினால் விஷயம் சட்டென்று பிடிபடும் என்று தோன்றுகிறது. ஒரு தொழிலின் செலவு அந்தத் தொழில் செய்பவரின் பேரேட்டில் ஏறாமல், முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒருவருடைய கிணற்றில் போய் இறங்கியது. நிர்வாகப் பள்ளிகளில் இதற்கு நீளமான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். கொங்கு நாட்டில் கேட்டால், ‘அவன் திங்க, நான் கை கழுவறதா?’ என்ற தொனியில்தான் பதில் வரும்.

உப்பு போன வழி

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்கு அருகே காவிரியில் சேர்கிறது நொய்யல். திருப்பூருக்குள் ஜம்மனைப் பள்ளமும் நல்லாறும் அதில் வந்து விழுகின்றன. எண்பதுகளில் ஏற்றுமதி சூடுபிடித்தபோது இந்தப் பள்ளங்களின் ஓரமாகவே சலவைப்பட்டறைகளும் சாயப்பட்டறைகளும் முளைத்தன. தண்ணீரை லாரியில் வாங்கி, கழிவைப் பள்ளத்தில் விட்டார்கள். இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை.

மர்மம் உப்பில்தான் இருந்தது. பருத்தித் துணியைச் சாயத் தண்ணீரில் போட்டால் நிறம் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாது. தண்ணீரில் நனைந்த பருத்தி இழைக்கும் சாயத்துக்கும் ஒரே வகை மின்னேற்றம், ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளுதலை அடக்கிச் சாயத்தை இழைப்பக்கம் விரட்டுவது உப்பின் வேலை. அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் வரை போகும். ஒரு கிலோ துணிக்கு ஏழு லிட்டர் சாயத் தண்ணீர் என்று கணக்கு வைத்தாலே ஏறத்தாழ அரைக் கிலோ உப்பு. அதில் ஒரு துளிகூடத் துணியில் தங்காது. போட்டது அத்தனையும் அடுத்தடுத்த அலசலில் வெளியே வந்துவிடும்.

தொண்ணூறுகளின் இறுதியில் நீதிமன்ற நெருக்கடியால் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் கசடைப் படியவைக்கும் ரசாயனங்களும் போட்டுக் கழிவின் நிறத்தை எடுத்தார்கள். கழிவு ஓரளவு தெளிந்தது. பார்வையிட வந்த அதிகாரிக்கும் நிம்மதி, பட்டறைக்காரருக்கும் நிம்மதி. ஆனால், கரைந்த உப்பைச் சுண்ணாம்பு எடுக்காது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவில் கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. திருப்பூரின் கழிவு அதைவிடப் பல மடங்கு உப்போடு, முன்னைவிடப் பார்வைக்குச் சுத்தமாக, ஆற்றில் ஓடியது.

சமூகப் பொறுப்பு என்ற பெயரில் நடக்கும் பல காரியங்களுக்கு இந்தச் சுண்ணாம்புச் சுத்திகரிப்பைப் போலப் பொருத்தமான உதாரணத்தை நான் பார்த்ததில்லை. கண்ணுக்குத் தெரியும் நிறத்தைப் போக்கச் செலவு செய்கிறார்கள். மண்ணைக் கெடுக்கும் உப்பு அப்படியே போகிறது.

லிட்டருக்கு ஆறு பைசா

நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் 2003-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதற்கு முன்பே கரூர் விவசாயிகள் போட்ட வழக்கும் உண்டு. இடையில் பாலாற்றுத் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி 1996-ல் அமைந்த சூழல் இழப்பு ஆணையம், நொய்யல் படுகையையும் கணக்கெடுத்தது. 2002-04 காலத்துப் பயிர் இழப்புக்கு 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் தர வேண்டும் என்று அது நிர்ணயித்தது. கோடி என்றதும் பெரிய தொகை போலத் தெரியும். வகுத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்துக்கும் குறைவு. கிணறு போனதற்கு அது விலையாகுமா என்பதை விட்டுவிடுவோம். குறைந்தபட்சம், இழப்பு என்று ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு ரூபாய்க் கணக்கு உண்டு என்பது முதன்முறையாக எழுத்தில் வந்தது.

2006 டிசம்பரில் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு இன்னும் சுவாரசியமானது. ஆற்றில் விடும் கழிவுக்கு நீதிபதிகள் விலைப்பட்டியலே போட்டார்கள். 2007 ஜனவரி முதல் மார்ச் வரை லிட்டருக்கு 6 பைசா, மே இறுதி வரை 8 பைசா, ஜூலை இறுதி வரை 10 பைசா. அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத ஏற்பாடு இல்லாத பட்டறைக்குப் பூட்டு.

இந்த ஏறுவரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ துணிக்கு மொத்தம் நூறு லிட்டர் கழிவு என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு ஆறிலிருந்து பத்து ரூபாய். ஒரு கிலோ துணியில் ஐந்தாறு டி-ஷர்ட் வெட்டலாம். ஆக, ஒரு ஆற்றைக் கெடுத்த குற்றத்துக்கு ஒரு டி-ஷர்ட்டின் பங்கு இரண்டு ரூபாய் சொச்சம்கூட இல்லை. அபராதம் மலிவாக இருந்தால் தொழில் செய்பவர் அதை அனுமதிக் கட்டணமாகக் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். எந்த ஊரிலும் நோ பார்க்கிங் அபராதத்துக்கு நடப்பது அதுதான். நீதிமன்றம் பைசாவை ஏற்றிக்கொண்டே போய், முடிவில் ஒரு தேதியையும் வைத்ததற்குக் காரணம் அந்தப் புரிதலாகத்தான் இருக்க வேண்டும்.

சாயப்பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கும் தீர்ப்பு மாறவில்லை. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு உறுதியானது. அவகாசம் மட்டும் கிடைத்தது. அதுவும் முடிந்து, அவமதிப்பு வழக்கு நடந்து, 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. மின்சாரம் துண்டிக்கப்பட்டது.

பனியன் தொழில் சங்கிலிபோலத் தொங்கும் தொழில். நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொன்றும் ஒருவர் கையில். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் மீதி எல்லாம் நிற்கும். அப்படித்தான் நின்றது. துணியைச் சாயத்துக்கு வெளியூர்களுக்கு அனுப்பிச் சமாளித்தவர்கள் உண்டு. ஆர்டரை இழந்தவர்கள் உண்டு. பெட்டியைக் கட்டிக்கொண்டு தென் மாவட்டங்களுக்குத் திரும்பிய தொழிலாளர்கள் உண்டு. ஆற்றங்கரைத் தோட்டக்காரர் இருபது ஆண்டு சுமந்ததைத் திருப்பூர்த் தையல்காரர் சில மாதங்களில் சுமந்தார். இருவரில் எவரும் அந்த உப்பைப் போடவில்லை.

கழிவைக் குழாய் போட்டுக் கடலில் விட்டுவிடலாம் என்ற யோசனையும் அப்போது பேசப்பட்டது. செலவைக் கிணற்றுக்காரரிடமிருந்து எடுத்து மீனவர் வலையில் போடும் யோசனை. நல்லவேளையாக அது நடக்கவில்லை.

நடந்தது வேறு. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உப்புநீரையே பிரித்துத் திரும்பவும் சாயத்துக்குப் பயன்படுத்தும் முறையைத் தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனம் செய்து காட்டியது. சமையல் உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட்டுக்கு மாறினால் இது எளிதாகும். மாநில அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் ஒதுக்கியது. நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஓடத் தொடங்கின. இன்று திருப்பூரில் கழிவை உயிரியல் முறையில் சுத்தம் செய்து, சவ்வுகளில் வடித்து, நல்ல நீரைப் பட்டறைக்கே திருப்பி அனுப்பி, மிஞ்சும் செறிந்த உப்புநீரைக் கொதிக்க வைத்து வற்றச் செய்கிறார்கள். ஜவுளித் தொழில் செய்யும் நகரம் ஒன்று முழுக்க இப்படி மாறியது உலகத்திலேயே அரிது. ஊர்க்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள், சொல்ல உரிமையும் இருக்கிறது. ஆனால், முதலாளிகள் ஒரு நாள் காலையில் எழுந்து திருந்திவிட்டதாகக் கதை எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். வழக்குப் போட்ட விவசாயிகளுக்குத்தான் அந்தப் பெருமையில் முதல் பங்கு.

விறகு எரியும் சத்தம்

இத்தனைக்குப் பிறகும் கணக்கு முடிந்துவிடவில்லை. உப்புநீரை வற்றச் செய்ய நீராவி வேண்டும். நீராவிக்குக் கொதிகலன், கொதிகலனுக்கு விறகோ நிலக்கரியோ வேண்டும். சவ்வுகளில் நீரை அழுத்தித் தள்ள மின்சாரம் வேண்டும். ஆற்றைக் காப்பாற்ற வானத்தில் புகை விடுகிறோம். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்புக்கு வாங்குவார் இல்லை. கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். சேறு சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது.

இப்போது ஐரோப்பிய, அமெரிக்க பிராண்டுகள் கார்பன் கணக்குக் கேட்கின்றன. ஆடை நிறுவனத்தின் கார்பனில் பெரும்பகுதி அதன் கடையிலோ தலைமையகத்திலோ இல்லை. நூற்பிலும் சாயத்திலும்தான் இருக்கிறது. அதனால் கேள்வித்தாள் நேராகத் திருப்பூரின் பல்லடம் சாலைக்கு வருகிறது. இங்கே ஒரு விசித்திரம். கழிவை ஆற்றில் விட்டுவிடும் வேறொரு நாட்டுப் பட்டறையின் கார்பன் கணக்கு, உப்பை வற்றவைக்கும் திருப்பூர்ப் பட்டறையைவிட அழகாகத் தெரியக்கூடும். ஒற்றை எண்ணைப் பார்த்துப் பொறுப்பை அளப்பவர் நல்லவரை விட்டுக் கெட்டவருக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார். திருப்பூர்க்காரர்கள் பலர் தாராபுரம், உடுமலைப் பக்கக் காற்றாலைகளில் முன்பே முதலீடு செய்திருந்தது இந்தக் கணக்கில் இப்போது கைகொடுக்கிறது. ஆனால், காற்றாலை மின்சாரம் தரும். கொதிகலனின் விறகுக்கு அது நேரடி மாற்று ஆகாது.

பொறுப்பாகத் தொழில் நடத்துவது என்பது இப்படி ஒன்றை இழுத்தால் இன்னொன்று வரும் வேலை. எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் நல்ல பிள்ளை பட்டம் வாங்கியதாகச் சொல்லும் ஆண்டறிக்கையைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

இரண்டு சதவீதம்

நம் நாட்டில் சமூகப் பொறுப்பு என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது சி.எஸ்.ஆர். நிதி. 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தக் காரியம் என்று ஏழாவது அட்டவணை சொல்கிறது.

இதனால் பள்ளிக்குக் கழிப்பறை வந்திருக்கிறது, ஏரி தூர் வாரப்பட்டிருக்கிறது, அரசு மருத்துவமனைக்குக் கருவிகள் வந்திருக்கின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லை. கழிப்பறையைவிடப் பெரிதாகப் பெயர்ப் பலகை வைப்பதைத் தவிர.

ஆனால், அந்தச் சட்டத்தின் விதியைக் கூர்ந்து படித்தால் ஒரு விஷயம் தெரியும். வழக்கமான தொழில் நடவடிக்கையின் பகுதியாகச் செய்வதும், சொந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் பயன்படுவதும் இந்த 2 சதவீதத்தில் சேராது. சட்டம் எழுதியவர்கள் காரணத்தோடுதான் அப்படி எழுதினார்கள். இல்லாவிட்டால் கேன்டீன் போட்டதையெல்லாம் தொண்டுக் கணக்கில் எழுதிவிடுவார்கள். விளைவு என்னவென்றால், சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கோடிகளைக் கொட்டிய பட்டறை சட்டப்படி சமூகத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆற்றைக் கெடுத்துச் சம்பாதித்த நிறுவனம் ஊருக்குக் குடிநீர்த் தொட்டி கட்டினால் செய்ததாக ஆகும். லாபத்தை எடுத்த பிறகு என்ன செய்தாய் என்று சட்டம் கேட்கிறது. 98 சதவீதத்தை எப்படிச் சம்பாதித்தாய் என்று கேட்பது அதன் வேலை இல்லை. அந்தக் கேள்விக்கு மாசுக்கட்டுப்பாட்டுச் சட்டமும் தொழிலாளர் சட்டமும் இருக்கின்றன, அவற்றைப் பற்றி யாரும் விழா எடுப்பதில்லை.

மரம் நடுவதையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். 2015-ல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கம் லட்சக்கணக்கான கன்றுகளை நட்டிருக்கிறது. தொழில் நகரத்துக்காரர்கள் தாங்களே முன்வந்து செய்த நல்ல காரியம். ஊத்துக்குளிச் சாலைப் பக்கம் இருக்கும் நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் சர்வதேச ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் ஏறியது. மகிழ்ச்சி. ஆனால், மரம் உப்பைக் கழிக்காது. இரண்டும் வேறு வேறு பக்கத்தில் எழுத வேண்டிய கணக்குகள்.

ஆடிட் நாள்

ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ‘ஆடிட்’ என்ற சொல்லுக்கு வரவு செலவுத் தணிக்கை என்று மட்டும் அர்த்தம் இல்லை. சரக்கை வாங்கும் பையரின் ஆட்கள் வந்து வேலை நேரம், சம்பளப் பதிவேடு, தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, கழிப்பறை எல்லாம் பார்ப்பார்கள். அன்றைக்குத் தரை பளபளக்கும். முகக்கவசம் எல்லோர் முகத்திலும் இருக்கும். வழியில் கிடக்கும் துணிக்கட்டு காணாமல் போகும். ஒவ்வொரு பையருக்கும் ஒவ்வொரு தரம், ஒவ்வொரு படிவம் என்பதால் ஒரே கம்பெனியை ஒரே ஆண்டில் பலர் வந்து பார்ப்பதும் நடக்கும். கம்ப்ளையன்ஸ் என்று ஒரு தனி இருக்கையே உருவாகிவிட்டது. அதில் உட்கார்ந்திருப்பவரின் முழுநேர வேலை கோப்புகளைத் தயாராக வைப்பது.

கோப்பு சரியாக இருந்தால் கட்டடம் சரியாக இருக்குமா? கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் தொழிற்சாலை 2012 செப்டம்பர் 11 அன்று எரிந்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அதற்கு உலகப் புகழ்பெற்ற சமூகப் பொறுப்புத் தரச் சான்று கிடைத்திருந்தது. தீ வைக்கப்பட்டது என்று பின்னாளில் நீதிமன்றம் சொன்னது. வெளியேறும் வழிகள் அடைபட்டுக் கிடந்ததைச் சான்று வழங்கியவர்கள் கண்டிருக்க வேண்டாமா என்பது தனிக் கேள்வி. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சவாரில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அதில் இருந்த சில தொழிற்சாலைகளும் தணிக்கை பார்த்தவைதான். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டு கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் ஆட்களை வெளியேற்றிவிட்டன. தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஏற்றுமதித் தேதி நெருங்கும்போது விரிசல் சின்னதாகத் தெரியும்.

அந்தத் தேதியை வைத்தது யார் என்பதுதான் என் கேள்வி. ஒரு பிராண்டின் அலுவலகத்தில் இரண்டு அறைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் நீடித்த வளர்ச்சிப் பிரிவு. ஓவர்டைம் கூடாது, நல்ல கூலி கொடு, கழிவைச் சுத்தம் செய் என்று இங்கிருந்து மின்னஞ்சல் போகும். பக்கத்து அறையில் கொள்முதல் பிரிவு. போன சீசன் விலையிலிருந்து ஐந்து சென்ட் குறை, நிறத்தை மாற்று, ஆனால் கப்பல் தேதி மாறாது என்று அங்கிருந்து மின்னஞ்சல் போகும். இரண்டும் திருப்பூரில் ஒரே மேஜைக்குத்தான் வந்து சேரும். இரண்டையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற ஒரு வழிதான் உண்டு: வேலையைக் கோப்பில் இல்லாத ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு ராத்திரியோடு ராத்திரியாக அனுப்புவது. பொறுப்பை நிர்வகிப்பது பற்றி எத்தனை கருத்தரங்கு நடத்தினாலும், அந்த இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை இடிக்காமல் ஒன்றும் நடக்காது. கொள்முதல் அதிகாரியின் ஆண்டு போனஸ் வெறும் விலைக் குறைப்பை வைத்தே தீர்மானிக்கப்படும் வரை, அடுத்த அறைக்காரர் எழுதுவது நல்ல தமிழிலோ நல்ல ஆங்கிலத்திலோ ஒரு கட்டுரைதான்.

2020 மார்ச் மாதம் அது வெட்டவெளிச்சமானது. கொரோனா வந்ததும் உலகின் பெரிய பிராண்டுகள் பலவும், தைத்து முடித்த சரக்கைக்கூட வேண்டாம் என்றன. இணையப் பக்கங்களில் மனிதத்தன்மை பற்றிய வாசகங்கள் அப்படியே இருந்தன.

திண்டுக்கல்லில் எழுதிய ஒப்பந்தம்

நூற்பாலைகளின் கதை இன்னும் கசப்பானது. கோவை, திண்டுக்கல், ஈரோடு வட்டார ஆலைகள் பலவற்றில் தென் மாவட்டத்து ஏழைப் பெண்களை விடுதியில் வைத்து மூன்று ஆண்டு வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று ஒரு தொகையைக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்தவரின் கற்பனையை என்னவென்று சொல்ல! அந்தப் பெண்ணின் கூலியையே பிடித்து வைத்து, அவளுக்கே சீதனமாகக் கொடுப்பது. இடையில் உடம்பு முடியாமல் போனால் அதுவும் இல்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் 2011-லும் 2014-லும் வெளியிட்ட அறிக்கைகள் இதை ஐரோப்பியக் கடைவீதிவரை கொண்டுபோயின. அப்போதும் தணிக்கைகள் நடந்துகொண்டுதான் இருந்தன. விடுதிப் பெண் தணிக்கையாளரிடம் வார்டன் முன்னிலையில் என்ன சொல்லியிருப்பாள்?

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் என்ற, பெண்கள் தலைமையிலான சங்கம் இதைச் சர்வதேச அளவில் எடுத்துச் சென்றது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும் தொழிற்சாலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. எச் அண்டு எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் அதற்குத் துணையாகக் கையெழுத்திட்டன.

திண்டுக்கல் ஒப்பந்தம் என்று வெளிநாட்டுத் தொழிற்சங்கக்காரர்கள் சொல்லும் இதில் என்ன புதுமை? தையல் தளத்திலேயே வேலை பார்க்கும் பெண்கள், சங்கம் தந்த பயிற்சியோடு, கண்காணிப்பாளர்களாக ஆனார்கள். சீண்டலோ சாதிப் பேச்சோ வந்தால் அன்றைக்கே சொல்ல ஆள் பக்கத்து மெஷினில் இருக்கிறார். புகாரை விசாரிக்க வெளி ஆட்கள் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், தொழிற்சாலை ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டர் விஷயத்தில் நடவடிக்கை எடுக்க பிராண்டும் சட்டப்படி கட்டுப்பட்டது. ராணா பிளாசாவுக்குப் பிறகு 2013 மே மாதம் வங்கதேசத்தில் போட்ட கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் வழியில் வந்தது இது. நன்னடத்தை விதி என்பது பிராண்ட் தானே எழுதித் தானே திருத்திக்கொள்ளும் காகிதம். ஒப்பந்தம் அப்படி இல்லை, மறுபக்கத்தில் கையெழுத்துப் போட்டவர் கேள்வி கேட்பார்.

முதல் ஆண்டு அறிக்கையிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட புகார்கள் பதிவாகியிருந்தன, பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன. அறிக்கையைப் படிக்கத் தெரியாதவர், நல்ல கம்பெனி என்கிறீர்களே, இத்தனை புகாரா என்பார். புகாரே இல்லாத கம்பெனியைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் உள்ளகக் குழு வேண்டும். பல இடங்களில் அந்தக் குழுவின் பெயர்கள் சுவரில் மட்டும் உண்டு, ஆண்டறிக்கையில் புகார் எண்ணிக்கை பூஜ்யம். அந்தப் பூஜ்யமும், சுண்ணாம்பு போட்டுத் தெளியவைத்த கழிவும் ஒரே ஜாதி.

படிவங்களின் காலம்

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2021 மே மாதம் அறிவித்தபடி, 2022-23 நிதியாண்டு முதல் சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியல் நிறுவனங்கள் பொறுப்பு மற்றும் நீடித்த வளர்ச்சி அறிக்கை தர வேண்டும். தண்ணீர், மின்சாரம், கழிவு, ஊழியர் புகார், பெண்களுக்குப் போகும் சம்பளப் பங்கு எல்லாம் எண்ணாக வர வேண்டும். ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் அதைவிடப் பெரிய சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, 2025-லேயே அதை ஒத்திவைக்கவும் தளர்த்தவும் தொடங்கிவிட்டது.

சட்டம் இறுகுவதும் தளர்வதும் நடக்கும். இங்கே கவலை வேறு. திருப்பூரில் பெரும்பாலும் சிறு, நடுத்தர யூனிட்டுகள். நேற்றுவரை மெஷினில் உட்கார்ந்து தைத்தவர் இன்று பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பதுதான் இந்த ஊரின் வளர்ச்சிக் கதையே. ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதிக்குப் பின்னால் நிற்பவர்கள் இவர்கள். பிராண்டின் சட்டக் கடமை அப்படியே கீழே இறங்கி, இவர்கள் தலையில் ஐம்பது பக்கப் படிவமாக விழுகிறது. படிவம் நிரப்ப ஆலோசகருக்குக் கட்டணம், சான்றுக்குக் கட்டணம், அதைப் புதுப்பிக்கக் கட்டணம். பீஸ் ரேட் மட்டும் நகராது.

நகர வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. திருப்பூரில் ஒரு டி-ஷர்ட்டுக்கு விலை சொல்லும்போது ‘காஸ்டிங் ஷீட்’ போடுவார்கள். நூல் இவ்வளவு, நிட்டிங் கூலி இவ்வளவு, சாயக் கூலி இவ்வளவு, கட்டிங், தையல், டிரிம்ஸ், பேக்கிங், வேஸ்டேஜ், கமிஷன் என்று வரிசை வரிசையாக. பேரம் நடக்கும்போது நூல் விலையில் கை வைக்க முடியாது, அது சந்தை விலை. கமிஷனில் கை வைக்க மாட்டார்கள். வெட்டு விழுவது சாயக் கூலியிலும் தையல் கூலியிலும்தான். தண்ணீரைத் திரும்பச் சுத்தம் செய்யும் செலவு சாயக் கூலி என்ற ஒற்றை வரிக்குள் ஒளிந்துகொண்டிருப்பதால், அதை வெட்டும் பையருக்குத் தான் எதை வெட்டுகிறோம் என்று தெரியவே வேண்டியதில்லை. சுத்திகரிப்புச் செலவையும் ஒப்பந்தக் கூலியையும் தனித்தனி வரியாகப் போட்டு, இந்த இரண்டிலும் பேரம் இல்லை என்று ஏற்றுமதியாளர்கள் ஊரோடு சேர்ந்து ஒரு முடிவெடுக்க முடியுமா? ஒருவர் தனியாகச் சொன்னால் ஆர்டர் பங்களாதேஷுக்குப் போகும், அல்லது பக்கத்துத் தெருவுக்குப் போகும். சேர்ந்து சொன்னாலும் போகலாம். ஆனால், ஒரு நகரமே சேர்ந்து உப்பை வற்றவைக்க முடியாது என்றும்தான் 2006-ல் சொன்னார்கள்.

இதற்கிடையில், இறுகிய விதிக்குத் தப்பியவர்களும் உண்டு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ராத்திரியில் சாயம் போடும் அனுமதியில்லாப் பட்டறைகளை மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் இடித்ததாக ஈரோடு, நாமக்கல், கரூர்ப் பக்கமிருந்து அவ்வப்போது செய்தி வரும். கிலோவுக்குச் சில ரூபாய் மலிவாகச் சாயம் கேட்கும் யாரோ ஒருவர் இருக்கும்வரை அந்தக் கொட்டகைக்கு வேலை இருக்கும்.

மழைக்காலத்தில் நம் நாளிதழ்களில் அணைகளின் நிலவரம் வரும். மேட்டூருக்கு இத்தனை அடி, வரத்து இத்தனை கனஅடி. பவானிசாகருக்கும் அப்படியே. நொய்யலில் வெள்ளம் வந்து ஒரத்துப்பாளையம் பற்றிச் செய்தி போட நேர்ந்தால் மட்டும் நிருபர் இன்னொரு எண்ணையும் விசாரித்து எழுதுகிறார்: தண்ணீரில் உப்பு எவ்வளவு. கீழே கரூர்ப் பக்கம் வாய்க்காலுக்குத் தண்ணீரை விடலாமா, வேண்டாமா என்பதை அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.